கையாந்தகரைத் தூளில் கரையாது நின்றவை: திருகோணமலைக் கரையோரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நிலாவெளிக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கிராமத்தில், பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து மூலிகைகளைப் பறித்து, உலர்த்தி, தூளாக்கி விற்று வருகின்றனர். வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் கையாந்தகரையே (கரிசலாங்கண்ணி) அவர்களுடைய முதன்மைச் சரக்கு. கச்சான் காற்று வீசும் ஒரு பருவத்தில், வெளியூர்க் கொள்வனவாளர் ஒருவருக்கு அவர்கள் அனுப்பிய தூள் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. உடன் வந்த தாளில் இரண்டே செய்திகள் இருந்தன: அமிலத்தில் கரையாச் சாம்பல் வரம்பைக் கடந்துள்ளது, எனவே தூளில் மணல் கலக்கப்பட்டுள்ளது.

இவற்றுள் முதலாவது ஓர் அளவீடு, இரண்டாவது ஒரு குற்றச்சாட்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு படி தவிர்க்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே இந்த ஆய்வை எழுதுகிறேன். தூள் திரும்பி வந்த இழப்பை அந்தப் பெண்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். ஆனால் மணல் கலந்து விற்றவர்கள் என்ற பேச்சு ஊருக்குள் பரவியதை அவர்களால் தாங்க முடியவில்லை. குழுவின் மூத்தவர், திரும்பி வந்த பொதிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "நாங்கள் மண் கலக்கேல்லை, தம்பி. வேணுமெண்டால் வந்து எங்கட முத்தத்தைப் பாருங்கோ" என்றார். நான் தாவரவியல் கற்பிப்பவன். பழைய நுணுக்குக்காட்டி ஒன்றும், சாம்பலாக்கும் உலை ஒன்றைப் பயன்படுத்தும் வசதியும் எனக்கு இருந்தன. அவர் சொன்னபடி முற்றத்தையும் போய்ப் பார்த்தேன், ஆனால் தூளை ஆராய்ந்த பிறகுதான் பார்த்தேன். முற்றத்தை முதலிலேயே பார்த்திருந்தால் காரணத்தை அங்கேயே முடிவுசெய்துவிட்டு, மற்ற இரண்டு காரணங்களைத் தவறவிட்டிருப்பேன் என்று இப்போது எண்ணுகிறேன்.

அளவீடு எதைச் சொல்கிறது

அமிலத்தில் கரையாச் சாம்பலை அளப்பது மூலிகைச் சோதனைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. தூளை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, சாம்பல் விடாத வடிதாளில் வடித்து, வெந்நீரால் கழுவி, மறுபடி எரித்து நிறுப்பார்கள். பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புகள் அமிலத்தோடு போய்விடும். எஞ்சி நிற்பது பெரும்பாலும் சிலிக்கா. மணலும் சிலிக்கா என்பதால், எஞ்சியதை மணல் என்று கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு.

அந்தப் பழக்கத்துக்குக் கையாந்தகரையே நல்ல மறுப்பு. இந்திய ஆயுர்வேத மருந்து நூல் இந்த மூலிகையின் மொத்தச் சாம்பலுக்கு 22 சதவீதத்தையும், அமிலத்தில் கரையாச் சாம்பலுக்கு 11 சதவீதத்தையும் மேல்வரம்பாக அனுமதிக்கிறது. ஈரநிலத்தில் படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு, சேற்றோடு பறிக்கப்படும் ஒரு செடிக்கு இவ்வளவு இடம் விட்டது நியாயமே. கொள்வனவாளரோ எல்லா இலைத்தூள்களுக்கும் பொதுவாக ஒரே வரம்பை வைத்திருந்தார்; அது இதைவிட மிகத் தாழ்ந்தது. இதைச் சொல்லிவிட்டு, பெண்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அன்றே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் நான் மறுபடி அளந்தபோது, திரும்பி வந்த தூள் மருந்து நூலின் வரம்பையும் தாண்டியிருந்தது. ஆகவே எஞ்சியது என்ன, அது யாருடையது என்று துகள் துகளாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

செடி தானே ஆக்கும் கல்

மண்ணீரில் சிலிக்கா, சிலிசிக் அமிலமாகக் கரைந்திருக்கிறது. வேர் அதை நீரோடு உறிஞ்சுகிறது. இலை நீரை ஆவியாக விட, கரைந்திருந்தது செறிந்து, கலச்சுவர்களிலும் கலங்களின் உள்ளேயும் கண்ணாடி போன்ற நீரேறிய சிலிக்காவாகப் படிகிறது. இப்படிப் படிந்தது பின்னர் இடம்பெயர்வதில்லை. இலை உக்கினாலும் எரிந்தாலும், எந்தக் கலத்தில் படிந்ததோ அந்தக் கலத்தின் அச்சாக அது நிற்கும். இவற்றைத் தாவரக்கற்கள் என்கிறோம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதவை. உலர்நிறையில் சிலிக்கனின் அளவு தாவரத்துக்குத் தாவரம் ஏறத்தாழ 0.1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை மாறும். உச்சியில் நிற்பவற்றுள் நெல்லும் ஒன்று. நெல் உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சாம்பலாக நிற்கும்; அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்காவே.

சூரியகாந்திக் குடும்பம் என்று நாம் பாடசாலையில் படிக்கும் அஸ்டரேசியே, 30,000 இனங்களுக்கு மேல் கொண்ட பெருங்குடும்பம். நமது சூழலில் கையாந்தகரை, மூக்குத்திப்பூண்டு, கொட்டைக்கரந்தை, கடற்கரை மணலில் ஓடும் எழுத்தாணிப்பூண்டு, முற்றத்துச் செவ்வந்தி ஆகியன எல்லாம் இதனுள் அடங்கும். புல்லினங்களைப் போல இக்குடும்பம் சிலிக்காவை இலை முழுவதும் நிறைத்து வைப்பதில்லை. இடம் பார்த்து வைக்கிறது. முதலில் நுண்மயிர்கள், அடுத்து அந்த மயிர் ஊன்றியிருக்கும் அடிக்கலமும் அதைச் சூழ்ந்த வளையக் கலங்களும், பிறகு மேற்றோலின் சில பகுதிகள், நரம்பின் குழற்கலங்கள் என்ற வரிசையில் அதைக் காணலாம். கையாந்தகரை இலையை நுனியிலிருந்து காம்பு நோக்கித் தடவினால் விரலில் தட்டும் சொரசொரப்பு இந்த மயிர்களால் வருவது.

மண்ணிலும் தூசியிலும் கிடக்கும் சிலிக்கா உருவங்களைப் பார்த்து அவற்றின் பிறப்பிடத்தைத் தேடும் முயற்சி புதிதல்ல. பீகிள் கப்பலில் 1832 ஆம் ஆண்டு கேப் வேர்ட் தீவுகளை அண்மித்தபோது, கப்பலில் படிந்த நுண்தூசியை டார்வின் சேர்த்துவைத்தார். அதுவும் வேறு சிலர் சேர்த்த தூசியும் பேர்லினில் நுண்ணுயிர் ஆய்வாளர் எரன்பேர்க்கின் கைக்குச் சென்றன. அவர் அவற்றில் 67 வகை உயிர் உருவங்களைக் கண்டார். தாவரங்களின் சிலிக்கா இழையங்களும் அவற்றுள் இருந்தன. தாவரக்கற்களுக்குப் பெயரிடும் பொதுமுறை 2005 இல் வந்து, 2019 இல் திருத்தப்பட்டது. சாம்பலில் எஞ்சியதை நிறுத்ததோடு நிறுத்தாமல் அதன் உருவத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த மரபின் பலத்தில்தான்.

மாதிரிகளும் செய்முறையும்

ஐந்து மாதிரிகளை எடுத்துக்கொண்டேன். முதலாவது திரும்பி வந்த தூள். இரண்டாவது, தம்பலகாமத்து வயல் வரம்பில் நானே பிடுங்கி, இனத்தை உறுதிசெய்து, வேரை வெட்டி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி உலர்த்திய கையாந்தகரை. ஒப்பிடுவதற்கு ஐயமற்ற செடி ஒன்று கையில் இல்லாமல் இத்தகைய ஆய்வைத் தொடங்கவே கூடாது. மற்ற மூன்றும், முற்றத்தைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்ட முற்றத்து மணல், மில்லில் கூட்டி அள்ளிய தூசி, நெல் உமி ஆகியன.

ஒவ்வொன்றையும் இரண்டு வழிகளில் தயாரித்தேன். ஒரு பங்கை 500 பாகை செல்சியஸில் சாம்பலாக்கி, அமிலத்தில் கழுவினேன். வெப்பத்தை அதற்கு மேல் ஏற்றவில்லை, ஏனெனில் மிகையான சூட்டில் தாவரச் சிலிக்கா பளிங்குருவாக மாறத் தொடங்கினால், அதை மணலிலிருந்து பிரித்தறியும் வழியே அடைபட்டுவிடும். மற்றப் பங்கை எரிக்காமல், செறிந்த நைத்திரிக் அமிலத்தில் காற்றிழுப்புப் பெட்டிக்குள் சூடாக்கி, சேதனப் பொருளை ஒட்சியேற்றி நீக்கினேன். இரண்டு வழிகள் எதற்கு என்று அப்போது உதவிய மாணவர் ஒருவர் கேட்டார். ஒரே வழியில் செய்திருந்தால் நான் பெரிய தவறொன்றைத் திருத்தாமலே விட்டிருப்பேன். அதைக் கீழே விளக்குகிறேன்.

எஞ்சிய துகள்களை அடர்த்தியால் பிரிக்க, துத்தநாக புரோமைட்டுக் கரைசலை 2.3 அடர்த்திக்கு ஆக்கினேன். தாவரக்கற்களின் அடர்த்தி 1.5 முதல் 2.3 வரை, மணலின் முதன்மைக் கனிமமான குவாட்ஸ் 2.65, கருமணலின் கனிமமான இல்மனைற்று 4.7 அளவில். ஆகவே செடியுடையது மிதக்கும், நிலத்துடையது மூழ்கும். மிதந்ததையும் மூழ்கியதையும் தனித்தனியாகக் கழுவி, உலர்த்தி, நிறுத்தேன்.

வழுக்கியில், அதாவது நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடித் தகட்டில், ஏற்றும் திரவம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கத்தில் இரண்டு நாட்கள் இதில்தான் வீணாயின. வழக்கம்போல் கிளிசரினில் ஏற்றியபோது, மிதந்த பங்கில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்தது. கிளிசரினின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை அது வளைக்கும் அளவு, 1.47; தாவரச் சிலிக்காவினது 1.41 முதல் 1.47 வரை. இரண்டும் நெருங்கியிருப்பதால், துகள்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. அடுத்து, பல்வலிக்கு மருந்துக் கடையில் விற்கும் கிராம்பு எண்ணெயை எடுத்தேன். அதன் முறிவுச் சுட்டி 1.53 அளவானது. அந்த எண்ணெயில் தாவரக்கற்களின் விளிம்புகள் பேனாவால் கீறியதுபோல் தெளிந்தன. குவாட்ஸ் மணிகளோ, அவற்றின் சுட்டி எண்ணெயினதற்கு அருகில் இருப்பதால், மங்கிய நிழல்களாயின. வழுக்கிக்கு மேலும் கீழும், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கித் தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்தால் காட்சி தலைகீழாகும். பளிங்குருவான குவாட்ஸ் ஒளிர்ந்தெழும், பளிங்குருவற்ற தாவரக்கல் இருண்டே கிடக்கும். முனைவாக்கு நுணுக்குக்காட்டி இல்லாத இடத்திலும் இவ்வளவையும் செய்துகொள்ள முடியும் என்பதற்காகவே இதைப் பதிவுசெய்கிறேன்.

வழுக்கியில் கண்டவை

ஒப்பீட்டுச் செடியிலிருந்து தொடங்குகிறேன். எவ்வளவு கழுவியும் அதன் சாம்பல் முழுமையாக அமிலத்தில் கரையவில்லை. கரையாது நின்றதில் பெரும்பகுதி நுண்மயிர்கள். கையாந்தகரையின் மயிர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கலங்களால் ஆனது: அடியில் அகன்ற குறுங்கலம், நடுவில் நீண்ட கலம், நுனியில் முக்கோண வடிவில் சிறுகலம். மேற்பரப்பில் நுண்ணிய கரணைகள் பரந்திருக்கும். எரிந்த பின்னும் அந்தக் கரணைகள் அப்படியே இருந்தன. நடுக்கலத்தின் உட்குழி காற்று நிரம்பிக் கருங்கோடாகத் தெரிந்தது. மயிர் முறிந்து விழுந்த இடங்களில், நடுவில் துளையும் சுற்றிலும் இதழ் இதழாக வளையக் கலங்களும் கொண்ட தட்டுகள் கிடந்தன. கிணற்றுக்குக் கட்டிய வாய்போல அவை தோன்றின. குழுவின் மூத்தவரை அழைத்து அந்த மயிரைப் பார்க்கச் சொன்னேன். கண்வில்லையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இது முள்ளெல்லோ. இலையைப் பிசைஞ்சால் கையில குத்துறது இதுதானே" என்றார். மணல் என்று தாளில் எழுதப்பட்டதன் ஒரு பங்கு அவர் அன்றாடம் விரலால் அறிந்த பொருளே என்பதை, என் விளக்கம் எதுவுமின்றி அவர் கண்டுகொண்டார்.

இனித் திரும்பி வந்த தூள். அதன் மிதந்த பங்கில் இதே மூன்றுகல மயிர்களும் வளையத் தட்டுகளும் இருந்தன. துகள்களை வரிசையாக 300 வரை எண்ணியபோது, பாதிக்கும் மேல் கையாந்தகரையினவாகவே இருந்தன. ஆனால் எஞ்சியவற்றுள் பெருந்தொகை முற்றிலும் வேறான உருவங்கள். விசிறிபோல் விரிந்து, வளைந்த விளிம்பில் சிறு செதில் தழும்புகள் கொண்ட தடித்த கற்கள். இரண்டு முகடுகள் மேலெழுந்த கற்கள். நடு ஒடுங்கி இருபுறமும் பருத்த சிறு கற்கள். நெல்லைப் பார்த்தவர்களுக்கு இவற்றில் ஐயம் வராது. விசிறி நெல் இலையின் சுருளும் கலத்திலிருந்தும், இருமுகடு உமியிலிருந்தும் வருபவை. சூரியகாந்திக் குடும்பத்தில் இவற்றில் ஒன்றும் உருவாவதில்லை. எரிக்காத தூளில் அயடீன் துளி ஒன்றை விட்டபோது, பல்கோண மாப்பொருள் மணிகள் கூட்டம் கூட்டமாகக் கருநீலமாயின. அவையும் அரிசியினவே.

மூழ்கிய பங்கில் தேடல் சுருக்கமாகவே முடிந்தது. உருண்ட குவாட்ஸ் மணிகள், ஒளி புகாத கரிய மணிகள், குறுக்கு முனைவாக்கத்தில் கூசும்படி ஒளிர்ந்த சில சிர்க்கோன் மணிகள். கரியவற்றில் பல வலுவான காந்தத்துக்கு இழுபட்டன. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை வரையிலான கரையை அறிந்தவர்களுக்கு அந்தக் கருமணல் புதிதல்ல. புல்மோட்டையின் கனிய மணலில் மிகுதியாக இருப்பது இல்மனைற்றுதான். பின்னர் சேர்த்த முற்றத்து மணலின் வழுக்கியை அருகில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே சேர்க்கையாக இருந்தன. முற்றத்து மணலில் அமிலம் பட்டதும் நுரைத்த சிப்பித் துணுக்குகளும் இருந்தன. தூளில் அவற்றைக் காணாதது, சோதனையின் அமிலம் அவற்றைக் கரைத்துவிட்டதனால்தான்.

எண்ணிக்கை வேறு, நிறை வேறு என்பதை இங்கே வற்புறுத்த வேண்டும். விட்டம் 10 மடங்கானால் கனவளவு 1000 மடங்காகும். ஒரு மணல்மணியின் நிறைக்கு ஈடாக எத்தனையோ மயிர்களை வைக்க வேண்டும். வழுக்கியில் மயிர்கள் நிறைந்து தெரிந்தாலும், நிறுத்துப் பார்த்தபோது மூழ்கிய பங்கே கனத்தது. கொள்வனவாளர் மணல் இருக்கிறது என்று சொன்னதில் பிழை இல்லை. எல்லாமே மணல் என்றதும், அது வேண்டுமென்று கலக்கப்பட்டது என்றதுமே பிழை.

மூக்குத்திப்பூண்டு கலந்திருக்குமோ என்றும் தேடினேன். அதன் பழத்தில் இறகுபோல் கிளைத்த தூவிமுடி உண்டு. கையாந்தகரைப் பழத்தில் அத்தகையது இல்லை. எரிக்காத தூளில் அவ்வாறான தூவிகள் இரண்டு மூன்றே கிடைத்தன. முற்றத்துக் களையிலிருந்து தவறிச் சேர்ந்த அளவுக்கு மேல் அதைக் கொள்ள இடமில்லை.

கரிய தட்டுகள் பற்றிய என் பிழை

நைத்திரிக் அமில வழியில் தயாரித்த வழுக்கிகளில், ஒளி புகாத கரிய தட்டுகள் பல தெரிந்தன. வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட அவை, கித்துள் பனையின் நார்ச்சல்லடையைப் போன்ற அமைப்புடையவை. சூரியகாந்திக் குடும்பத்தின் பூத்தலைகளிலிருந்து இத்தகைய துளைத்தட்டுகள் வருகின்றன என்பதைப் படித்திருந்தேன். தாவரக்கல் ஆய்வாளர்கள் அவற்றை இக்குடும்பத்தின் அடையாளமாக நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். ஆகவே அவற்றையும் சிலிக்கா என்றே கொண்டு, கரையாச் சாம்பலை உயர்த்தியவற்றுள் அவையும் அடக்கம் என்று எனது முதற்குறிப்பில் எழுதி, குழுவினருக்கும் சொல்லிவிட்டேன்.

பின்னர் சாம்பலாக்கிய வழுக்கிகளை மீண்டும் பார்த்தபோது, அங்கே ஒரு துளைத்தட்டுகூட இல்லை. அந்த வழுக்கிகளில் கரியதாக நின்றவை உருண்ட இல்மனைற்று மணிகள் மட்டுமே. ஒரே தூளின் இரண்டு பங்குகளில் ஒன்றில் நிறைந்திருப்பதும் மற்றதில் அறவே இல்லாததுமான பொருள் சிலிக்காவாக இருக்க முடியாது. 500 பாகையில் சிலிக்கா எங்கும் போய்விடாது, போவது காபன். ஐயத்தைத் தீர்க்க, அமில வழியில் கிடைத்த துகள்களை 1 சதவீத சோடியம் காபனேற்றுக் கரைசலில் 85 பாகையில் 5 மணி நேரம் வைத்தேன். பளிங்குருவற்ற சிலிக்கா அதில் கரையும், குவாட்ஸ் அசையாது. மயிர்கள் மெலிந்து மறைந்தன. தடித்த நெல் விசிறிகள் சில, அரைபட்ட விளிம்புகளோடு மிஞ்சின. துளைத்தட்டுகளோ வைத்தது வைத்தபடி இருந்தன.

அவை பைட்டோமெலனின் எனப்படும், காபன் செறிந்த கரிய பொருளால் ஆனவை. சூரியகாந்தியையும் கையாந்தகரையையும் உள்ளடக்கிய கிளையில், பழச்சுவரின் கலங்களுக்கிடையே இது படிந்து, விதையைக் கவசம்போல் சூழ்கிறது. வலிய அமிலத்துக்கும் காரத்துக்கும் அது அசையாததால்தான், அமில வழியில் தாவரக்கற்களோடு ஒன்றாக நின்று, அவற்றுள் ஒன்றாகவே எண்ணப்பட்டுவிடுகிறது. இந்த நிகழ்வைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது: எரித்து அளக்கும் சோதனையில் துளைத்தட்டுகளின் நிறை சுழியம், கொள்வனவாளரின் அளவை அவை ஒரு துளியும் உயர்த்தியிருக்க முடியாது. முதற்குறிப்பைத் திருத்தி எழுதி, குழுவினரிடமும் நேரில் சென்று சொன்னேன். அவர்களுக்குச் சாதகமாக இருந்த ஒரு வாதத்தை அவர்கள் முன்னிலையிலேயே விலக்கிக்கொள்வது வருத்தமாக இருந்தாலும், மற்ற வாதங்கள் நிலைபெற அது தேவைப்பட்டது. துளைத்தட்டுகளுக்கு வேறு பயன் உண்டு: எரிக்காத தூளில் அவை இருப்பது, பூத்துக் காய்த்த செடி பறிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

முற்றமும் மில்லும்

திரும்பி வந்த தூளை ஆராய்ந்த பிறகே அந்த வீட்டுக்குப் போனேன். கரையோரக் கிராமங்களில் முற்றத்துக்கு வெண்மணல் பரப்பிப் பெருக்கி வைப்பது அழகும் சுத்தமும் ஆகும். அந்த முற்றமும் அப்படித்தான், ஈர்க்குமாற்றின் கோடுகள் கலையாமல் இருந்தது. அதன்மேல் சாக்கை விரித்து, கையாந்தகரையைப் பரப்பியிருந்தார்கள். கச்சான் எழும் நண்பகலில், சாக்கின் ஓரம் படபடத்து மணல் மேலே ஏறுவதைக் கண்ணால் கண்டேன். பறித்த செடியில் ஈரம் இருக்கும்வரை, ஏறிய மணி மயிர்களுக்கிடையே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பின் உதறினாலும் முழுவதும் விழாது. சொரசொரப்பான இலை மணலைப் பிடித்துவைக்கும் என்பதை நான் முன்னர் எண்ணிப்பார்த்ததில்லை. செடியின் சொந்தச் சிலிக்காவே வெளியார் சிலிக்காவுக்குப் பிடிமானம் கொடுத்திருந்தது.

நெல்லின் வழி இன்னும் எளிதாகத் துலங்கியது. காய்ந்ததை அரைக்கக் கொண்டுபோன மில்லில் நெல்லும் குற்றுவார்கள், மாவும் அரைப்பார்கள். ஒரு சரக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் இயந்திரம் துடைக்கப்படுவதில்லை. மில்லின் கூட்டல் தூசியில் இருமுகடு உமிக்கற்களும் அரிசி மாப்பொருளும் நிறைந்திருந்தன. தூளில் கண்ட விசிறிக் கற்கள் அந்தத் தூசியில் அரிதாகவே கிடைத்தன. அவை வயல் வரம்பின் மண்ணிலிருந்து, கழுவப்படாத வேரோடு வந்திருக்க வேண்டும் என்று கொள்கிறேன். ஆண்டாண்டாக வைக்கோல் உக்கிய வயல் மண்ணில் அவை மிகுந்து கிடப்பவை.

தூளில் சிலிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் பயந்தவர்களும் இருந்தார்கள். கல்லுடைக்கும் தொழிலில் சுவாசத்தோடு நுரையீரலுக்குள் செல்லும் பளிங்குருவான சிலிக்காவை, அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இல் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்குழுவில் வைத்தது. பளிங்குருவற்ற சிலிக்காவை அவ்வாறு வகைப்படுத்த முடியாதவற்றின் குழுவிலேயே விட்டது. இலையின் மயிரில் இருப்பது பின்னையது. அரைக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது எந்தத் தூளுக்கும் நல்லது என்பதற்கு மேல், இதில் அஞ்ச எதுவும் இல்லை என்று அவர்களுக்குச் சொன்னேன்.

இரண்டாம் தொகுதி

அடுத்த பறிப்பில் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். வேரை வெட்டாமல், சேறு போகும்வரை மூன்று நீரில் அலசினார்கள். சித்த மருத்துவத்தில் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடியாகக் கொள்ளும் மருந்து இது. வேரை நீக்கிச் சாம்பலைக் குறைப்பது மருந்தையே குறைப்பதாகிவிடும் என்று அவ்வூர்ச் சித்த வைத்தியர் சொன்னதை மதித்தே இவ்வாறு செய்யப்பட்டது. உலர்த்துவதற்கு, கொட்டிலுக்குள் இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, பனையோலைப் பாய் விரித்தார்கள். அரைப்பதற்கு மில்லை விட்டு, வீட்டு உரலில் இடித்துச் சலித்தார்கள். உழைப்பு கூடியது. விற்கும் விலையில் அதற்கான ஈடு இல்லை என்ற குறை அவர்களுக்கு உண்டு. அது நியாயமான குறை.

அந்தத் தூளில் மூழ்கிய பங்கு, வடிதாளில் கறைபோல் படியும் அளவுக்குச் சுருங்கியது. கருமணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நெல் விசிறிகள் அரிதாயின, இருமுகடுகள் மறைந்தன. மிதந்த பங்கிலோ பெரிய மாற்றம் இல்லை. மூன்றுகல மயிர்களும் கிணற்று வாய்த் தட்டுகளும் முன்போலவே வழுக்கியை நிறைத்தன. கரையாச் சாம்பல் மருந்து நூலின் வரம்புக்குள் தாராளமாக அடங்கியது. கொள்வனவாளரின் பொது வரம்பை மட்டும், சிறிதளவே ஆனாலும், மீண்டும் தாண்டியே நின்றது. அந்த எஞ்சிய மிகைக்கு முற்றமும் காரணமில்லை, மில்லும் காரணமில்லை.

இரண்டு தொகுதிகளின் படங்களையும், மிதந்தது மூழ்கியது என்று பிரித்த நிறைகளையும், துளைத்தட்டு பற்றிய எனது திருத்தத்தையும் சேர்த்துக் கொள்வனவாளருக்கு அனுப்பினோம். மறுமொழி வர ஆறு வாரமாயிற்று. கையாந்தகரைக்கு மட்டும் மருந்து நூலின் வரம்பை ஏற்பதாகவும், ஒவ்வொரு தொகுதியோடும் கரையா எச்சத்தின் நுணுக்குக்காட்டிப் படம் ஒன்று வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மணல் கலந்ததாகச் சொன்ன வரியைத் திரும்பப் பெறுவது பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறோம்.

படம் எடுக்கும் வேலையைக் குழுவிலுள்ள ஒருவரின் மகள் பொறுப்பேற்றிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர். சனிக்கிழமைகளில் வந்து, கிராம்பு எண்ணெயில் வழுக்கி ஏற்றிப் பார்க்கிறார். "மூன்றாம் தொகுதி, வாய்க்கால் ஓரம், மொட்டுப் பருவம்" என்று அவர் கையால் எழுதி ஒட்டிய வழுக்கி இப்போது என் மேசையில் இருக்கிறது. மயிர்கள் அதில் குறைவாகவும் சுவர் மெலிந்தும் தெரிகின்றன. அதே தொகுதியை அமில வழியில் தயாரித்து ஏற்றிய இணை வழுக்கியில் துளைத்தட்டு ஒன்றும் இல்லை. முற்றிய இலையில் சிலிக்கா கூடும் என்பதாலும், துளைத்தட்டு காய்த்த செடியில்தான் வரும் என்பதாலும் இவை எதிர்பார்க்கத்தக்கவையே. ஆனாலும், ஒரே இடத்துச் செடியை மொட்டிலும் பூவிலும் காயிலும் தனித்தனியே பறித்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். மாரி மழை ஓய்ந்து வரம்புகளில் கையாந்தகரை தழைக்கத் தொடங்கியதும், அந்தப் பறிப்பைத் தொடங்கவிருக்கிறோம்.